கன்னியர் மடப் பள்ளிகளும் நம் பெண்மக்களும்

ஆண்டுதோறும் சித்திரை, வைகாசி மாதங்கள் வந்துவிட்டால் நம் சங்க அலுவலகத் திண்ணையில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "ஏனுங்க சார், புள்ளையக் கான்வெண்ட்டுல சேத்தலாமுங்களா?" என்பதே அக்கேள்வி. கேட்பவர் பஞ்சாலைத் தொழிலாளியாக இருப்பார்; மாநகராட்சித் தூய்மைப் பணியாளராக இருப்பார்; பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் கூலி வேலை செய்யும் தாயாக இருப்பார். தொழில் வேறு வேறாயினும் கேள்வி ஒன்றே. அதிலும் ஆண் குழந்தையைவிடப் பெண் குழந்தையை முன்னிட்டே இக்கேள்வி மிகுதியாக எழுகிறது. "பொண்ணுங்க மட்டும் படிக்கிற எடம், பயமில்லீங்க" என்பது அவர்கள் கூறும் முதற் காரணம். "இங்கிலீசு நல்லா வரும்" என்பது இரண்டாவது காரணம்.

இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும் வெள்ளி விழாக் காணும் ஒரு கல்விச் சங்கம் தன் மக்களுக்கு அவ்வாறு விடை கூறலாகாது. கன்னியர் மடப் பள்ளிகள் நம் கொங்கு நாட்டிற்கு எவ்வாறு வந்தன, அவற்றின் கதவுகள் யார் யாருக்கு எப்போது திறந்தன, இன்று அக்கதவின் வழியே செல்லும் நம் பெண் எதைப் பெறுகிறாள், எதை இழக்கிறாள் என்பவற்றை வரலாற்று முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம்

தமிழகத்தில் கத்தோலிக்கத் திருச்சபையினர் பெண்கல்வியில் முறையாக ஈடுபட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயாம். 1844ஆம் ஆண்டில் புதுச்சேரியில் ஆயர் பொன்னான் தலைமையில் ஒரு திருச்சபை மாமன்றம் கூடிற்று. இந்நாட்டவரிலிருந்தே குருக்களை உருவாக்குதல், பள்ளிகளைப் பெருக்குதல் ஆகியவை அங்கே வலியுறுத்தப்பட்டன. அதே ஆண்டில் துய்ப்புயி என்னும் பிரெஞ்சுக் குரு, தமிழ்ப் பெண்களைக் கொண்ட ஒரு கன்னியர் சபையைப் புதுச்சேரியில் தொடங்கினார். பெண் குழந்தைகளுக்குக் கல்வி புகட்டுவதே அச்சபையின் முதற் பணி. தமிழ்ப் பெண் ஒருத்தி மணம் புரியாமல், ஆசிரியையாக, பிற பெண்களுக்கு எழுத்தறிவிக்கும் பணியை வாழ்வாகக் கொள்ளலாம் என்பது அக்காலத்துச் சமுதாயத்திற்கு முற்றிலும் புதிய செய்தி.

அம்மாமன்றத்தில் கலந்துகொண்டவர்களுள் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் என்பவரும் ஒருவர். 1842இல் இந்தியாவுக்கு வந்த இவர், 1846ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் நம் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவைப் பகுதிக் கத்தோலிக்கர்களுக்குத் தலைவராக இருந்தவர் இவரே. இவர் பொறுப்பிலிருந்த காலத்தில், 1853ஆம் ஆண்டில், கோவையில் காணிக்கை மாதா கன்னியர் சபை தோன்றிற்று. இன்று காணிக்கை மாதா பிரான்சிஸ்கன் சபை என வழங்கும் அச்சபையினரே 1948இல் கோவையில் நிர்மலா மகளிர் கல்லூரியையும் தொடங்கினர்.

மற்றொரு கிளை நீலகிரியிலிருந்து வந்தது. மதுரை மறைத்தளத்தில் பணியாற்றிய பிரெஞ்சுக் கன்னியர்களுள் இருபதின்மர், தங்கள் சபையில் எழுந்த கருத்து வேற்றுமையால் 1876இல் பிரிந்து உதகமண்டலத்தில் கூடினர். உதகை அக்காலத்தில் கோவை ஆயரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. அவர்களுக்குத் தலைவியாக இருந்த மரியன்னை (பாடுகளின் மரி என்பது அவர்தம் துறவறப் பெயர்) உரோமை நகர் சென்று, 1877 சனவரி 6ஆம் நாள் புதிய சபைக்கு ஒப்புதல் பெற்றார். மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபை எனப்படும் அது இன்று பல கண்டங்களிலும் பரவியுள்ளது. 1947இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியும், நம் கோவையில் நடைபெற்றுவரும் புனித பிரான்சிஸ் ஆங்கிலோ இந்தியப் பெண்கள் பள்ளியும் அச்சபையினர் நடத்துவனவே. உலகெங்கும் பரவிய ஒரு சபை நம் மலையடிவாரத்திற்கு அருகே பிறந்தது என்பதை நம்மில் பலர் அறியார்.

சாதியும் திருச்சபையும்

இனி, நமக்கு இன்றியமையாத வினாவுக்கு வருவோம். கடவுள் முன் அனைவரும் ஒன்றே என்று கற்பித்த திருச்சபை, சாதியை எவ்வாறு எதிர்கொண்டது?

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, உயர்சாதியினரைத் தம் மறைக்கு ஈர்க்கும் பொருட்டு சந்நியாசிக் கோலம் பூண்டார். 1623இல் அவர் சேந்தமங்கலம், சேலம் ஆகிய கொங்குப் பகுதிகளுக்கும் வந்தார். அவர் வழி வந்தவர்கள் உயர்சாதியினர்க்கு ஒருவகைக் குருக்களையும், ஒடுக்கப்பட்டோர்க்குப் பண்டாரசாமிகள் என்னும் வேறுவகைக் குருக்களையும் வகுத்தனர். உள்ளூர் வழக்கங்களுக்கு எவ்வளவு இடங்கொடுக்கலாம் என்ற இப்பூசல் 'மலபார்ச் சடங்குகள்' என்ற பெயரால் உரோமை வரை சென்றது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ஆணை பிறப்பித்துப் பல சடங்குகளைத் தடைசெய்தார். மறைபரப்பாளர் அனைவரும் அவ்வாணைக்கு உட்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. 1940ஆம் ஆண்டிலேதான் அச்சத்தியம் நீக்கப்பட்டது.

ஆணை தாளில் இருந்தது. சாதி கோவிலுக்குள் இருந்தது. புதுச்சேரிக் கோவிலில் ஒடுக்கப்பட்ட கிறித்தவரைப் பிரித்து நிறுத்திய சுவரைப் பற்றியும், 1745இல் அவர்கள் முறையிட்டதன்மேல் அச்சுவர் இடிக்கப்பட்டதைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயமோ, இரு சாதியினர் இரு கூடங்களில் தனித்தனியே இருந்து ஒரே பீடத்தைக் காணுமாறு கட்டப்பட்டது. அங்கிருந்த தடுப்பு 1910இல்தான் அகற்றப்பட்டது.

முன்னர்க் குறித்த ஆயர் பிரெசிலாக் அவர்களை ஈண்டு மீண்டும் நினைவுகூர வேண்டும். மலபார்ச் சடங்குகளைப் பற்றித் தாம் செய்த சத்தியத்திற்கும், தம் கண்ணெதிரே நடைமுறையில் இருந்த வழக்கங்களுக்கும் இடையே அவர் மனச்சான்று அலைக்கழிந்தது. அவர் பதவி துறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1855இல் அவரது விலகல் ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிரான்சில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவி, 1859இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பிரீடவுனில் நோயுற்று மறைந்தார். சாதிச் சிக்கல் ஒரு ஆயரையே கொங்கு மண்ணிலிருந்து வெளியேறச் செய்யுமளவுக்கு ஆழமானது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

திருச்சபையும் தன் குறையை இன்று மறைக்கவில்லை. 2016ஆம் ஆண்டில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டிற்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளுதல் நன்று. அது வகுப்பறையில் செயலாகியிருக்கிறதா என்று பார்த்தறிவது பெற்றோராகிய நம் பொறுப்பு.

கதவு திறந்த கதை

ஆங்கிலேயர் ஆட்சியில் கன்னியர் மடங்கள் நடத்திய பள்ளிகள் பெரும்பாலும் இருவகையாக இருந்தன. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் நடந்தவை ஒருவகை. இந்நாட்டுப் பெண்களுக்காகத் தமிழில் நடந்தவை மற்றொரு வகை. முதல்வகைப் பள்ளியின் வாயிலை நம் முன்னோர் மிதித்தது அங்கே துப்புரவு செய்வதற்கும் தோட்ட வேலை செய்வதற்குமே. இரண்டாம் வகைப் பள்ளிகளில் நம் பெண்களுக்கு இடம் கிடைத்ததும் உண்டு, கிடைக்காததும் உண்டு. அது அந்தந்த ஊரையும், அந்தந்த மடத்துத் தலைவியின் நெஞ்சுறுதியையும் பொறுத்திருந்தது.

அரசின் பங்கையும் மறத்தல் ஆகாது. 1854இல் வெளிவந்த உட் அவர்களின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறைக்கு வித்திட்டது. கன்னியர் மடப் பள்ளிகள் பல வேரூன்ற அம்மானியம் உதவிற்று. 1893இல் சென்னை அரசு 'பஞ்சமர்' எனப்பட்ட நம் மக்களின் கல்விக்கெனச் சிறப்புச் சலுகைகள் கொண்ட ஆணையொன்றைப் பிறப்பித்தது. 1920களில் தொழிலாளர் துறை நம் குடியிருப்புகளிலேயே பள்ளிகளைத் திறந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே உள்ளது.

பள்ளிக்குச் செல்லும் பெண் முதலில் தெருவைக் கடக்க வேண்டும் அல்லவா? அத்தெருவே நமக்கு மூடப்பட்டிருந்த காலம் அது. 1924இல் ரெட்டமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தையொட்டி, பொதுச் சாலைகளும் கிணறுகளும் பொதுக் கட்டடங்களும் எல்லோர்க்கும் உரியவை என அரசாணை வெளிவந்தது. அம்மன்றத்தில் நம் உரிமைக்காக அயராது வாதாடியவர்களுள் கோவையைச் சேர்ந்த ஆர். வீரையன் அவர்கள் குறிப்பிடத்தக்கவர். கன்னியர் மடத்துச் சீருடை அணிந்து இன்று பெருந்தெரு வழியே நடந்து செல்லும் நம் சிறுமி, அப்பெரியோர் திறந்துவிட்ட பாதையிலேயே நடக்கிறாள்.

விடுதலைக்குப் பின் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, கதவை இன்னும் அகலத் திறந்தது. அரசு நிதியுதவி பெறும் கல்வி நிறுவனம் எதிலும் சமயம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி இடம் மறுக்கக்கூடாது என்று 29ஆம் பிரிவு விதித்தது. ஆங்கிலோ இந்தியப் பள்ளிகள் சிறப்பு மானியம் பெற வேண்டுமாயின் ஆண்டுதோறும் சேர்க்கையில் குறைந்தது 40 விழுக்காட்டு இடங்களைப் பிற சமூகத்தினர்க்குத் திறந்துவைக்க வேண்டும் என்று 337ஆம் பிரிவு கூறிற்று. அம்மானியம் பத்தாண்டுகளுக்கே உரியதாயினும், வெள்ளையர் பிள்ளைகளுக்கென எழுந்த வகுப்பறைகளில் தமிழ்ப் பிள்ளைகள் அமர்வதற்கு அது ஒரு வழியமைத்தது. அவ்வழியே முதலில் நுழைந்தவர்கள் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகளே. நம் முறை வருவதற்கு இன்னும் காலம் ஆயிற்று.

என் தமக்கையின் கதை

வரலாறு நூல்களில் மட்டும் இருப்பதன்று. 1977ஆம் ஆண்டு சூன் மாதம். என் தமக்கையார் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தார். நகராட்சியில் துப்புரவுப் பணி செய்துவந்த என் தந்தையார், அன்று விடுப்பு எடுத்து, வெளுத்த வேட்டி உடுத்தி, மகளை அழைத்துக்கொண்டு நகரத்தில் உள்ள ஒரு கன்னியர் மடப் பள்ளிக்குச் சென்றார். உடன் சென்ற எனக்கு எட்டு வயது. வாயிலருகே மேசையிட்டு அமர்ந்திருந்த எழுத்தர், "எந்த வீதி?" என்று கேட்டார். என் தந்தையார் எங்கள் குடியிருப்பின் பெயரைச் சொன்னார். "இடம் முடிஞ்சு போச்சுங்க" என்றார் எழுத்தர். எங்களுக்குப் பின்னால் நின்றவருக்கு விண்ணப்பப் படிவம் கொடுக்கப்பட்டதை நான் என் கண்ணால் கண்டேன். என் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கலர் வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

மறுநாள் அவர் வேறொரு பள்ளிக்கு எங்களை அழைத்துச் சென்றார். அதுவும் கன்னியர் நடத்தியதே. ஆனால் தமிழ்வழிப் பள்ளி, அரசு உதவி பெறுவது. அங்கே முதிய சகோதரி ஒருவர் என் தமக்கையைத் தம் அருகே அழைத்து, ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் பதிவேட்டில் பெயரை எழுதிக்கொண்டார். வீதியின் பெயரை அவர் கேட்டது முகவரி எழுதும்போது மட்டுமே. என் தமக்கையார் அப்பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை பயின்று, பின் ஆசிரியப் பயிற்சி முடித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார். எங்கள் வீதியில் மாதச் சம்பளத்திற்குக் கையொப்பமிட்ட முதற் பெண் அவரே. "பொம்பளையே தலைமை, பொம்பளையே கணக்கு, பொம்பளை கையிலதான் சாவிக்கொத்து. அதை அங்கதான் முதல்ல பார்த்தேன்" என்று அவர் இன்றும் கூறுவார். கன்னியர் மடப் பள்ளிகள் நம் பெண்களுக்கு அளித்த கொடைகளுள் இதனை நான் தலையாயதாகக் கருதுகிறேன்.

ஒரே சமயம், ஒரே நகரம், அடுத்தடுத்த இரு நாட்கள். ஒரு வாயில் மூடிற்று, மற்றொன்று திறந்தது. ஆதலால் 'கான்வெண்ட்' என்ற பெயரைக் கொண்டு ஒரு பள்ளியைப் போற்றவும் வேண்டா, தூற்றவும் வேண்டா. பள்ளிதோறும் சென்று பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

இன்றைய மூவகைப் பள்ளிகள்

இன்று பெற்றோர் பலர் அறியாதது ஒன்றுண்டு. கன்னியர் நடத்தும் பள்ளிகள் எல்லாம் ஒருவகையின அல்ல. அரசு ஆசிரியர்க்கு ஊதியம் வழங்கும் உதவி பெறும் பள்ளி வேறு. பெற்றோர் செலுத்தும் கட்டணத்தையே கொண்டு நடக்கும் சுயநிதிப் பள்ளி வேறு. ஒரே மதிலுக்குள் இரண்டும் இருப்பதும் உண்டு. 1970களின் பிற்பகுதியில் மெட்ரிக்குலேசன் பள்ளிகள் பல்கலைக்கழகங்களின் பொறுப்பிலிருந்து தனி வாரியத்தின்கீழ் வந்தபின், ஆங்கிலவழிச் சுயநிதிப் பள்ளிகள் பெருகின. 2010ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டத்தாலும், 2011இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பாலும், அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக்குலேசன் பள்ளிக்கும் பாடத்திட்டம் பொதுவாயிற்று. ஆகவே, 'அங்கே பாடமே வேறு' என்னும் எண்ணத்தைப் பெற்றோர் விட்டுவிடலாம்.

கட்டணத்தைப் பற்றியும் சட்டம் உண்டு. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குழு, தனியார் பள்ளிகளின் கட்டணத்தை வரையறுக்கிறது. அக்குழு வகுத்த தொகை எவ்வளவு என்று கேட்பதும், செலுத்திய பணத்திற்கு இரசீது கேட்பதும் நம் உரிமைகள்.

2009இல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் சுயநிதிப் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினர்க்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்க்கும் ஒதுக்கிற்று. அச்சட்டம் உதவி பெறாத சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2012இலும், சிறுபான்மையினர் பள்ளி எதற்குமே பொருந்தாது என்று 2014இலும் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2025 செப்டம்பரில் அந்நீதிமன்றத்தின் ஈருறுப்பினர் அமர்வு 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பின்மீது ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வு ஆராய வேண்டும் எனக் கருதிற்று. ஆகவே கத்தோலிக்கச் சுயநிதிப் பள்ளியில் 25 விழுக்காட்டு இடம் கிடைக்கும் என்று நம்பிக் காத்திருக்கும் பெற்றோர், வேறு பள்ளிகளின் சேர்க்கை நாளையும் தவறவிடும் நிலை ஏற்படலாம். கட்டணக் குறைப்பு வேண்டுமாயின், அதனைப் பள்ளித் தலைவியிடம் நேரிலேயே கேட்டுவிட வேண்டும். கேட்பதில் இழிவில்லை. ஏழைகளுக்கெனச் சலுகை ஒதுக்கும் சபைகளும் உள்ளன.

பெறுவதும் இழப்பதும்

இழப்பதைப் பற்றிக் கூறும்போது என் தவற்றையும் கூறியாக வேண்டும். என் தங்கையின் மகள் 2016இல் ஆறாம் வகுப்பில் சேரவேண்டியிருந்தது. தங்கை மோட்டார் பம்பு செய்யும் தொழிற்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். "அண்ணா, நீங்க சொல்ற பள்ளிக்கூடத்துல சேர்த்திடறேன்" என்றாள். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியனாகிய நான், அரசுப் பள்ளியைச் சொல்லாமல், ஒரு சுயநிதிக் கன்னியர் மடப் பள்ளியைச் சொன்னேன். 1977இல் மூடிய வாயில் என் நெஞ்சில் மூடியபடியே இருந்தது போலும். எங்கள் வீட்டுப் பெண் அத்தகைய வாயிலில் நுழைவதைக் காண வேண்டும் என்ற ஆசையே அவ்வாறு சொல்ல வைத்தது.

பெண் நன்றாகவே படித்தாள். ஆங்கிலம் தடையின்றிப் பேசினாள். மேடை ஏறினாள். எந்தச் சகோதரியும் எந்தத் தோழியும் அவளைக் குறைத்து நடத்தியதில்லை. அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, 2020 அக்டோபரில், அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. 2021இல் அது பொறியியல் முதலிய தொழிற்கல்விகளுக்கும் விரிந்து, அவ்வாறு சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்றது. 2022 செப்டம்பரில், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் தொடங்கிற்று. இவற்றிற்கு அடிப்படைத் தகுதி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல். 2024இல் புதுமைப் பெண் திட்டம் அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியர்க்கும் நீட்டிக்கப்பட்டது. சுயநிதிப் பள்ளி மாணவி இவ்விரண்டிலும் இல்லை.

2023இல் அவள் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள். ஆதிதிராவிடர் மாணவர்க்கான கல்வி உதவித்தொகை கைகொடுத்தது. ஆயினும் அவளுடன் தொடக்கப் பள்ளியில் படித்து, பின் அரசு பெண்கள் பள்ளிக்குச் சென்ற தோழிக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. திங்கள்தோறும் உதவித்தொகையும் வருகிறது. என் தங்கையோ ஏழாண்டுப் பள்ளிக் கட்டணத்திற்காக நகையை அடகு வைத்து, மீட்டு, மீண்டும் அடகு வைத்தவள். அவள் என்னை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. 2016இல் இச்சட்டங்கள் இல்லை என்பது உண்மைதான். ஆயினும் ஆசையால் அறிவுரை கூறினேன்; அவள் கையிருப்பைக் கேட்டு அறிவுரை கூறவில்லை. அதுவே என் தவறு.

ஈண்டு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பட்டியல் இனத்தவர்க்குரிய 18 விழுக்காட்டு இட ஒதுக்கீடும், அதனுள் அருந்ததியர்க்கு 2009இல் வகுக்கப்பட்டு 2024இல் உச்ச நீதிமன்றத்தால் உறுதிசெய்யப்பட்ட 3 விழுக்காட்டு உள் ஒதுக்கீடும் எவ்வகைப் பள்ளியில் பயின்றாலும் உண்டு. அவை பள்ளியைப் பொறுத்தன அல்ல. சாதிச் சான்றிதழைப் பொறுத்தன. இதையொட்டி இன்னொரு செய்தி: பள்ளியில் இடம் கிடைக்கும் என்ற எண்ணத்தில் மட்டும் மதம் மாற நினைப்போர் சட்ட நிலையை அறிந்திருத்தல் நன்று. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரே பட்டியல் இனத்தவராகக் கருதப்படுவர். கிறித்தவராக மாறியோர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். நம் சங்கத்தில் உள்ள கிறித்தவக் குடும்பங்கள் இவ்வநீதிக்கு எதிராகப் பல்லாண்டுகளாகப் போராடி வருவதை நாம் அறிவோம். சமயம் அவரவர் மனச்சான்றுக்கு உரியது. அதனைப் பள்ளிச் சேர்க்கைக்கு விலையாக்குதல் தகாது.

பெற்றோர் செய்ய வேண்டுவன

பெற்றோர்களே! பள்ளியைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று நேரில் சென்று பாருங்கள். கீழ்க்காணும் செய்திகளைக் கேட்டறியுங்கள்.

பள்ளி உதவி பெறுவதா, சுயநிதியா? நம் பெண் சேரும் பிரிவு எது? இவ்விடை ஒன்றைக் கொண்டே கட்டணமும் பிற்காலச் சலுகைகளும் அமையும்.

ஏழாண்டுக்கான மொத்தச் செலவு எவ்வளவு? முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சீருடை, நூல்கள், வண்டிக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு? இவை பகல் நேரப் பள்ளிகள். நாள்தோறும் சென்று திரும்ப வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனினும் மாலையில் உக்கடத்திலோ காந்திபுரத்திலோ பேருந்துக்காக எவ்வளவு நேரம் நிற்க நேரும் என்பதைத் தாய் ஒருமுறை நின்று பார்த்தல் நல்லது.

சமய வகுப்பு எவ்வாறு? அரசின் ஏற்போ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் இசைவின்றி மாணவரைச் சமய போதனைக்கோ வழிபாட்டிற்கோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் ஏனையோர்க்கு நன்னெறி வகுப்பும் நடத்தும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அங்கே எப்படி என்று தயங்காமல் கேளுங்கள்.

கழிப்பறையைப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் உண்டா என்று பாருங்கள். 2025 ஏப்ரலில் நம் மாவட்டத்தில் கிணத்துக்கடவு அருகே ஒரு தனியார் பள்ளியில், எட்டாம் வகுப்பு பயிலும் நம் இனத்துச் சிறுமி மாதவிடாய் நாளில் வகுப்பறைக்கு வெளியே படியில் அமர்ந்து தேர்வெழுதிய செய்தி நாட்டையே தலைகுனியச் செய்தது. அது கத்தோலிக்கப் பள்ளியன்று. ஆயினும் எப்பள்ளியாயினும் "அந்நாட்களில் பெண்பிள்ளைகளை எப்படி நடத்துவீர்கள்?" என்று கேட்கும் உரிமை தாய்க்கு உண்டு.

இறுதியாக, நம் வீதிப் பெண்கள் முன்பு அங்கே படித்திருந்தால் அவர்களிடம் கேளுங்கள். முன் வரிசையில் அமர்த்தினரா? ஆண்டு விழாவில் மேடை ஏற்றினரா? சாதிச் சான்றிதழை வகுப்பிலே எல்லோர் முன்னும் கேட்டனரா, தனியே அழைத்து வாங்கினரா? விளம்பரப் பலகை கூறாததை இப்பெண்கள் கூறுவர்.

இத்தனையும் கேட்டபின் கன்னியர் மடப் பள்ளி தக்கது எனத் தோன்றினால் மகிழ்ச்சியோடு சேருங்கள். நகைக்கடன் வாங்கித்தான் சேர்க்க முடியும் என்றால் சற்றே நில்லுங்கள். கோவை இராச வீதியிலுள்ள துணி வணிகர் சங்க அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி போன்று, பெண்களுக்கென்றே நடக்கும் அரசுப் பள்ளிகளும் உள்ளன. கன்னியர் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளும் உள்ளன. என் தமக்கையாரை ஆளாக்கியது அத்தகைய பள்ளியே.

முடிவுரை

1853 முதல் எண்ணினால் கொங்கு நாட்டில் கன்னியர் கல்விப் பணி நூற்றெழுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அக்காலத்தின் பெரும் பகுதியில் பள்ளிகளே நம்மைத் தேர்ந்தெடுத்தன, அல்லது தள்ளின. வாயிலில் நின்று வீதியின் பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பியவர்கள் நம் தந்தையர். இன்று நாம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்கிறோம். இந்நிலை நமக்கு எளிதில் வந்ததன்று. ஆதலின் அதனைக் கண்மூடிப் பயன்படுத்தலாகாது.

நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோளுடன் இக்கட்டுரையை முடிக்கிறேன். இவ்வெள்ளி விழா ஆண்டு முதல், சித்திரை மாதம் தோறும் நம் குடியிருப்புகளில் பள்ளிச் சேர்க்கை வழிகாட்டு முகாம் நடத்துவோம். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, சுயநிதிப் பள்ளி ஆகிய மூன்றின் செலவையும் சலுகையையும் ஒரு தாளில் அச்சிட்டுத் தாய்மார் கையில் கொடுப்போம். கட்டணக் கணக்குப் போட்டுப் பார்க்க ஓர் ஆசிரியரை உடன் இருத்துவோம். முதல் முகாமில் அம்மேசையின்முன் அமர நான் அணியமாக உள்ளேன். என் தங்கையும் உடன் வந்து தன் கணக்கைத் தாய்மார்க்கு எடுத்துரைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.